பம்ப்புக்குக் கண் கிடையாது

"போன தடவை அனுப்பிய பாலிமர் நன்றாக வேலை செய்தது, இந்தத் தடவை சரியில்லையே." சோலார் செல் செய்யும் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெயர் அதேதான், பி3எச்டி (P3HT) என்ற குறைகடத்திப் பாலிமர். மாறியது அதன் மூலக்கூறுச் சங்கிலியின் நீளம்.

நிக்கல் வினையூக்கி ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியை வளர்க்கிறது. ஆகவே மோனோமருக்கும் (சங்கிலியின் கண்ணியாகும் சிறு மூலக்கூறு) நிக்கலுக்கும் உள்ள விகிதமே நீளத்தைத் தீர்மானிக்கும். பெரிய குடுவையில் சூடும் கலக்கலும் ஒரே சீராக இருப்பதில்லை, கணக்கு பிசகுகிறது. சரி, மெல்லிய குழாயில் ஓடவிட்டால்? நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். ஓரத்தில் தங்கியது ஒட்டி, குழாயை அடைத்துவிடும்.

அதனால்தான் துளி. ஃப்ளோரின் கலந்த எண்ணெய் டெஃப்லான் சுவரில் படர்ந்துகொள்ள, டி.எச்.எஃப் (THF) என்ற கரைப்பானில் கரைந்த வினைப்பொருள் கரைசல் சுவரைத் தொடாமல் துளித்துளியாக நகர்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டிக் குடுவை. உள்ளே தானாகவே சுழன்று கலக்கும், எல்லாத் துளியும் குழாயில் இருப்பது ஒரே நேரம். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் 2013இல் பி3எச்டியை இப்படிச் செய்து காட்டினார்கள்.

துளிமுறையில் அடைப்பே வராது என்று நானும் நம்பினேன். ஒருநாள், குழாயைச் சூடாக்கும் சுடுநீர்த் தொட்டிக்கு வெளியே, குழாய் ஆறும் இடத்தில், சுவரில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. பாலிமர் குளிர்ந்து திரண்டிருக்கிறது. 'இன்னும் பத்து நிமிடம்தானே' என்று விட்டேன். கரைசலைக் குழாயில் தள்ளும் சிரிஞ்சு பம்ப்புக்கு அடைப்பு தெரியாது, தள்ளிக்கொண்டே இருக்கும். இணைப்பு கழன்று கரைசல் பீய்ச்சியடித்தது. புகைப்பெட்டியின் (ஃப்யூம் ஹுட்) கண்ணாடிக் கதவு இறங்கியிருந்ததால் முகம் தப்பியது. டி.எச்.எஃப் -14 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடும். உள்ளே இருந்ததோ ஈரம் பட்டாலே சீறும் கிரிக்னார்ட் என்ற மக்னீசியச் சேர்மம்.

அப்புறம்தான் அழுத்தமானி வைத்தேன். வெளிவரும் குழாயையும் இப்போது சூடாகவே வைக்கிறேன். கோடு தெரிந்தால் உடனே நிறுத்திவிடுகிறேன், நஷ்டமானாலும். டெஃப்லான் வழியே ஆக்சிஜன் மெல்லக் கசிந்து வினையைக் கெடுக்கும் என்பதையும் பலர் மறந்துவிட்டு மோனோமரைத் திட்டுகிறார்கள்.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் சூழலில் எளிதில் அழியாத பிஎஃப்ஏஎஸ் (PFAS) என்ற ஃப்ளோரின் சேர்மக் குடும்பம்தான், சிங்க்கில் ஊற்றாதீர்கள். கரைசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். பிரித்தெடுத்து அடுத்த ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.