வெண்கலச் சிலையில் பூக்கும் வெளிர்பச்சைத் தூள்

பழைய உலோகப் பொருள்களைப் பேணும் வேலையில் இருக்கும் எங்களிடம், பல பொருள்கள் ஒருமுறை கைவைத்துக் கெடுக்கப்பட்ட பிறகுதான் வந்து சேர்கின்றன. அப்படித் தனியார் சேகரிப்பு ஒன்றிலிருந்து வந்தது, உள்ளங்கையில் அடங்கும் ரோமானிய வெண்கல உருவம்: ஒரு கையில் சுக்கானும் மறுகையில் கனிகள் நிறைந்த கொம்பும் ஏந்திய, ஊழின் தெய்வமான ஃபார்ச்சூனா. வீட்டில் லராரியம் எனப்படும் சிறு வழிபாட்டு மாடத்தில், குடும்பக் காவல் தெய்வங்களோடு வைத்து வணங்கப்பட்ட இத்தகைய உருவங்கள், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் மூடப்பட்ட பொம்பெய், ஹெர்குலேனியம் நகரங்களின் வீடுகளிலும் கிடைத்துள்ளன.

ஆடை மடிப்புகளில் படிந்திருந்த வெளிர்பச்சைத் தூளை அழுக்கு என்று எண்ணிய உரிமையாளர், எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவியிருந்தார். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு அதில் தவறு தோன்றாது. ஆனால் சில வாரங்களிலேயே தூள் முன்னிலும் மிகுதியாகப் பூத்துவிட்டது.

களிம்பு எல்லாம் ஒன்றல்ல. கருமை கலந்த பச்சையாகவும் வழவழப்பாகவும் உலோகத்தோடு இறுகிப் பிடித்திருப்பது பெரும்பாலும் நிலைபெற்ற களிம்பு. அது உலோகத்தைக் காக்கும். மெல்லிய மரக்குச்சியால் தொட்டாலே உதிரும் வெளிர்பச்சைத் தூளோ, நாங்கள் ‘வெண்கல நோய்’ என்று சொல்வதன் அறிகுறி. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது பச்சைத் தூளாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாற, அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மேலும் குளோரைடை உண்டாக்குகிறது. நோய் என்று பெயர் இருந்தாலும் இதில் கிருமி ஏதும் இல்லை. பக்கத்துச் சிலைக்குத் தொற்றிவிடும் என்ற அச்சமும் வீண்.

தேய்ப்பதால் வரும் இழப்பு பளபளப்போடு முடிவதில்லை. சிற்பி முடித்த மேற்பரப்பின் வடிவம் பல வேளைகளில் களிம்பு அடுக்குக்குள்தான் எஞ்சியிருக்கும். களிம்பைச் சுரண்டினால் அதுவும் போய்விடும். ரோமானியச் சிற்றுருவங்கள் சிலவற்றின் கண்களில் வெள்ளி பதித்திருப்பார்கள். எங்களிடம் வந்த உருவத்தின் ஒரு கண்ணில் அது மின்னியது. மற்றொன்றில் குழி மட்டுமே இருந்தது. அது எப்போது உதிர்ந்தது என்று இனிச் சொல்ல வழியில்லை.

இத்தகைய தூளைக் கண்டால் தண்ணீர், எண்ணெய், அமிலம் எதையும் தொடவிடாமல், காற்றுப் புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பு வல்லுநரை அணுகுங்கள். நாங்கள் நுண்ணோக்கியின் கீழ்த் தூளை நீக்கி, செம்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளை ஆல்கஹாலில் கரைத்து, அதில் உருவத்தை ஊறவைத்து, உலர்த்தி, மேலே மெல்லிய பிசின் பூசினோம். இதனாலும் உள்ளிருக்கும் குளோரைடு முழுவதும் வெளியேறிவிடாது என்பதால், பெட்டிக்குள் ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்க்க ஈரமானி ஒன்றையும் வைத்து அனுப்பினோம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும்படி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம்.