லாஜிஸ்டிக்ஸ்: தளவாடமா, வழங்கலா?

2022 மார்ச் தொடக்கத்தில் கீவ் நகருக்கு வடக்கே ரஷ்ய ராணுவ வண்டிகள் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையில் வரிசைகட்டி நின்றன. அந்தச் செயற்கைக்கோள் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சில நாளில் தலைநகரம் விழுந்துவிடும் என்று நம்பி வந்த படை அது. பாலங்கள் உடைக்கப்பட்டிருந்தன. இர்பின் ஆற்றின் அணையைத் திறந்துவிட்டு உக்ரைனியர்கள் வயல்வெளியை வெள்ளக்காடாக்கி இருந்தார்கள். சாலையை விட்டு இறங்கினால் சேறு. டீசல் தீர்ந்தது, சாப்பாடு தீர்ந்தது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அந்தப் படை வந்த வழியே எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

இதற்கு ராணுவ நோக்கர்கள் சொன்ன காரணங்களில் முதல் வரிசையில் இருந்தது லாஜிஸ்டிக்ஸ். தமிழில் எழுதும்போது இதைப் பெரும்பாலும் ‘தளவாடப் பிரச்சினை’ என்று போட்டுவிடுகிறோம். அந்த வரிசையைப் பார்த்தால் தளவாடத்துக்கு என்ன குறை? டாங்கிகள், பீரங்கிகள், கவச வண்டிகள், லாரிகள் என்று கிலோமீட்டர் கணக்கில் நின்றவை எல்லாம் தளவாடம்தான். இல்லாமல் போனது வேறு. அந்த வேறு ஒன்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று பார்ப்பதற்கு முன், சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

சொல்லின் உடனடித் தாய் பிரெஞ்சு. ‘லோஜே’ என்றால் தங்கவைத்தல், ‘லோஜி’ என்றால் தங்குமிடம். ஆங்கிலத்தில் நமக்குத் தெரிந்த லாட்ஜ் இதே குடும்பம்தான். பழைய பிரெஞ்சுப் படையில் ‘மரேஷால் தே லோஜி’ என்று ஓர் அதிகாரி இருந்தார். படை ஓர் ஊரை அடைவதற்கு முன்பே போய், யார் எங்கே தங்குவது, குதிரைக்குத் தீவனம் எங்கே, முகாம் எந்தப் பக்கம் என்று ஏற்பாடு செய்வது அவர் வேலை. இந்த வேலையை ஒரு தனிக் கலையாக்கி ‘லோஜிஸ்தீக்’ என்ற பெயரைப் போர் நூல்களில் நிலைநிறுத்தியவர் ஆந்த்வான் ஆன்ரி ஜோமினி. 1838ல் வெளியான தம் நூலில், போர்க்கலையின் பகுதிகளில் ஒன்றாக, படைகளை நகர்த்தும் செயல்முறைக் கலை என்று இதை விளக்கினார். வியூகம் ஒரு பக்கம், களத்தில் மோதும் உத்தி இன்னொரு பக்கம், இரண்டையும் நடக்கவைக்கும் வேலை மூன்றாவது பக்கம்.

ஜோமினி சுவிட்சர்லாந்துக்காரர். நெப்போலியனிடம் இருந்தவர், 1813ல் கட்சி மாறி ரஷ்யப் பேரரசரிடம் சேர்ந்தார். ரஷ்யத் தளபதியாகி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ராணுவக் கல்விக்கழகம் அமைவதற்கும் துணைநின்றார். அதாவது இந்தச் சொல்லை உலகுக்குக் கொடுத்தவர் ரஷ்யச் சம்பளம் வாங்கிய ஒரு தளபதி. கீவுக்கு வடக்கே நின்ற வரிசையை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிரேக்கத்தில் ‘லொகிஸ்திகே’ என்றால் கணக்கிடும் கலை. ராணுவச் சொல் நேராக அதிலிருந்து பிறந்ததா, பிரெஞ்சுச் சொல்லுக்குக் கிரேக்கச் சாயம் பூசப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் கவனம் போனது அதே வேரில் உள்ள இன்னொரு சொல்லின் மேல்: ‘லொகிஸ்தாய்’. பழைய ஏதென்ஸில் பதவிக்காலம் முடிந்து இறங்கும் ஒவ்வோர் அதிகாரியின் வரவுசெலவையும் ஆராய்ந்த கணக்காய்வாளர்கள் இவர்கள். சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேர். பொதுப்பணத்தைத் திருடினார் என்றோ லஞ்சம் வாங்கினார் என்றோ நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அந்தத் தொகையைப் போலப் பத்து மடங்கு தண்டம். படைக்குச் சோறு கொண்டுபோவதும் சோற்றுக் கணக்கை ஆராய்வதும் ஒரே ஒலியுள்ள சொல்லில் வந்து நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அண்டை நாடுகள் இரண்டும் மோதிக்கொண்ட இந்தப் போரில் அந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ரஷ்யா பக்கத்தில் இருந்து தொடங்கலாம். போரின் முதல் வாரங்களில் கைப்பற்றப்பட்ட ரஷ்ய உணவுப் பொதிகள் சிலவற்றில் காலாவதி ஆண்டு 2015 என்று அச்சாகியிருந்தது செய்தியானது. சேற்றில் சிக்கிக் கைவிடப்பட்ட பான்சிர் ஏவுகணை வண்டி ஒன்றின் டயர்கள் கிழிந்து கிடந்த படமும் பரவியது. டயர் வண்டியை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நிறுத்திவைத்தால் டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடிப்பு விடும். அவ்வப்போது ஓட்டி நகர்த்தவேண்டும், காற்றழுத்தம் பார்க்கவேண்டும். இது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் ‘பராமரிப்பு நடந்தது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அதற்கான டீசலையும் உதிரிப்பாகத்தையும் விற்றுவிட்டால், காகிதத்தில் நல்ல வண்டி, களத்தில் இரும்புக்குவியல். அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு நேர்ந்தது இதுதானா என்று ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது. இப்படி நடக்க இடம்கொடுத்த அமைப்பு அது என்பதைப் பின்னால் வந்த வழக்குகள் காட்டின.

2022 செப்டம்பரில் ஆள்திரட்டல் அறிவிக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்தவர்கள் உடைக்கும் காலணிக்கும் சொந்தப் பணத்தைச் செலவழித்தபோது, ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினரும் முன்னாள் படைத்தலைவருமான ஆந்திரேய் குருலியோவ் வெளிப்படையாகவே கேட்டார்: கிடங்கில் இருக்கவேண்டிய 15 லட்சம் பேருக்கான உடைத்தொகுப்புகள் எங்கே போயின? கணக்கில் இருந்தன. அலமாரியில் இல்லை. லாஜிஸ்டிக்ஸுக்குப் பொறுப்பான பாதுகாப்புத் துணை அமைச்சராக 2008 முதல் இருந்த திமித்ரி புல்ககோவ் அந்த மாதமே மாற்றப்பட்டார். 2024 ஜூலையில் ஊழல் வழக்கில் கைதானார். படைக்கு உணவுப்பொதி வாங்கியதைச் சுற்றித்தான் குற்றச்சாட்டு. இன்னொரு துணை அமைச்சரான திமுர் இவானோவ் 2024 ஏப்ரலில் கைதாகி, 2025 ஜூலையில் 13 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவர் மீதான கையாடல் வழக்கில் பெருந்தொகை ஒரு வங்கி சம்பந்தப்பட்டது. மிச்சம் கெர்ச் நீரிணைக்குப் படகு வாங்கியதில். கிரிமியாவுக்குப் பொருள் போகும் வழி அந்த நீரிணை! இந்த இரண்டு கைதுகளுக்கும் இடையே, 2024 மே மாதம், பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு மாற்றப்பட்டு அந்த நாற்காலியில் ஒரு பொருளாதார நிபுணர், பெலோவுசோவ், உட்காரவைக்கப்பட்டார். போரின் மூன்றாம் ஆண்டில் ராணுவத்துக்குத் தலைமைதாங்கக் கணக்குத் தெரிந்தவரைத் தேடினார்கள் என்பதே ஒரு வாக்குமூலம் மாதிரிதான்.

உக்ரைன் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஜனவரியில் வெளிவந்த முட்டை விவகாரம் உலகப்புகழ் பெற்றது. படைக்கு உணவு வழங்க 1,300 கோடி ஹிரிவ்னியாவுக்கு (உக்ரைன் நாணயம்) மேல் போடப்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு முட்டைக்கு விலை 17 ஹிரிவ்னியா. கீவில் கடைக்குப் போய் வாங்கினால் சுமார் 7. முதலில் அமைச்சர் சொன்ன பதில், விலைப்பட்டியலில் ஏற்பட்ட தொழில்நுட்பப் பிழை என்பது. யாரும் ஏற்கவில்லை. துணை அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அப்புறம் குளிர்கால உடைகளின் விலை குறித்த சர்ச்சை. அந்த ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவும் மாற்றப்பட்டார். 2024 ஜனவரியில் உக்ரைன் பாதுகாப்புச் சேவை அம்பலப்படுத்தியது இதைவிட மோசம்: ஒரு லட்சம் மோர்ட்டார் குண்டுகளுக்கு ஏறத்தாழ 150 கோடி ஹிரிவ்னியா கைமாறியிருந்தது, வந்த குண்டு ஒன்றுகூட இல்லை.

முட்டை விலையைத் தோண்டி எடுத்தவர் ஒரு பத்திரிகையாளர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே அது வெளியானது, சில நாளில் பதவி போனது. ரஷ்யாவில் கைதுகள் மேலிருந்து வந்தன, அதுவும் இரண்டு ஆண்டு கழித்து. இரண்டு நாட்டு ஊழலும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்றாலும், கண்டுபிடிக்கிற வழி ஒன்றல்ல. எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது.

வியூகத்தில் லாஜிஸ்டிக்ஸ் எப்படி ஆயுதமாகிறது என்பதற்கு, ரஷ்யா பிடித்துவைத்திருந்த தெற்கு உக்ரைன் நகரம் கெர்சோன் போதும். ரஷ்யப் படை பாரம் தூக்கப் பெரும்பாலும் ரயிலை நம்பும். ரயில் நிற்கும் இடத்திலிருந்து போர்முனை வரை லாரி. அந்தத் தூரம் இரட்டித்தால் ஒரு லாரி ஒரு நாளில் அடிக்கும் நடை பாதியாகும், எனவே அதே சரக்கைச் சேர்க்க இரண்டு மடங்கு லாரி வேண்டும். 2022 கோடையில் அமெரிக்க ஹைமார்ஸ் ஏவுகணை வண்டிகள் வந்ததும் உக்ரைன் முன்வரிசைக்குப் பின்னால் இருந்த வெடிமருந்துக் கிடங்குகளையும் நீப்பர் ஆற்றின் அந்தோனிவ்கா பாலத்தையும் அடித்தது. கிடங்குகளை வெகுதூரம் பின்னால் தள்ளவேண்டி வந்தது, ஆற்றைக் கடக்கப் படகும் மிதவையும்தான். நகரத்துக்குள் தெருச்சண்டை நடக்கவே இல்லை. அந்த நவம்பரில் ரஷ்யப் படை கெர்சோனை விட்டுத் தானே வெளியேறியது.

சரி, தமிழுக்கு வருவோம்.

தளவாடம் என்பதில் உள்ள ‘தளம்’ படையைக் குறிப்பது. தளபதி, தளவாய் எல்லாம் அந்த வழியில் வந்தவை. போர்த்தளவாடம் என்றால் படைக்குரிய கருவிகளும் பொருள்களும். அது பொருளின் பெயர், வேலையின் பெயர் அல்ல. ஈழத்தில் தளபாடம் என்றால் மேசை நாற்காலி, அதுவும் பொருள்தான். இயல் சேர்த்துத் ‘தளவாடவியல்’ என்று ஆக்கினால் ஆயுதங்களைப் பற்றிய படிப்பு என்ற எண்ணம்தான் வருகிறது. கூரியர் கம்பெனியைத் ‘தளவாட நிறுவனம்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது, அவர்கள் பீரங்கி விற்கிறார்களோ என்று தோன்றும். ‘ஏற்பாட்டியல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். கல்யாண மண்டபத்துக்கும் பொருந்தும் அளவுக்கு அது அகலம்.

உக்ரைனியரும் ரஷ்யரும் இதற்கு ‘தில்’ என்கிறார்கள். பின்பக்கம், முதுகுப்புறம் என்று பொருள். முட்டை விவகாரத்துக்குப் பின் உக்ரைன் உணவு, உடை, எரிபொருள் வாங்குவதற்கென்று தனியாக அமைத்த அரசு நிறுவனத்தின் பெயரிலும் இந்தத் ‘தில்’தான் இருந்தது. நம்மிடம் இதற்கு நேரான சொல் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் உண்டு. புறநானூற்று 88ஆம் பாட்டில் ஔவையார் ‘கூழை தார்கொண்டு யாம்பொருதும்’ என்று பேசாதீர்கள் எனப் பகைவரை எச்சரிக்கிறார். தார் முன்னணிப்படை, கூழை பின்னணிப்படை. புதியது ஈழத்தமிழில் புழங்கும் ‘பின்தளம்’. ஆனால் இரண்டும் இடத்தைச் சொல்கின்றன, நகர்வைச் சொல்லவில்லை.

வள்ளுவர் அரசனுக்கு வேண்டிய ஆறில் படை, குடி என்றதும் அடுத்து வைப்பது ‘கூழ்’. அரணுக்கு இலக்கணம் சொல்லும்போதும் ‘கொண்டகூழ்த்தாகி’ என்கிறார், உள்ளே உணவு நிரம்பியிருக்கவேண்டும் என்று. படையெடுப்பைப் பாடும் வஞ்சித்திணையில், அரசன் வீரர்களுக்குச் சோறிடுவதைச் சொல்லும் ‘பெருஞ்சோற்றுநிலை’ என்றே ஒரு துறை இருக்கிறது. கூழுக்கும் கூழைக்கும் உறவு கற்பிக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஒலி ஒற்றுமையை வேர் ஒற்றுமை ஆக்கும் விளையாட்டுக்கு நான் வரவில்லை. கூழ் இருப்பைச் சொல்லும் சொல், அதனால் இன்றைய பொருளுக்குப் பாதிதான் பொருந்தும்.

‘வழங்கல்’ என்பதை நான் ஏற்பது இதனால்தான். இன்று வழங்கு என்றால் கொடு என்று மட்டும் நினைக்கிறோம். அதற்கு இயங்குதல், நடமாடுதல் என்ற பொருளும் உண்டு. ‘வளிவழங்கும் மல்லல்மா ஞாலம்’ என்ற குறளில் வளி எதையும் தானம் செய்யவில்லை, உலவுகிறது. பொருள் நகரவும் வேண்டும், உரியவர் கைக்குப் போய்ச்சேரவும் வேண்டும் என்ற இரண்டையும் இந்த ஒரு வினை தாங்குகிறது. பொதுமக்களுக்கும் இது புதிதல்ல, குடிமைப்பொருள் வழங்கல் என்று ரேஷன் துறைக்கே பெயர் இருக்கிறது. ‘வழங்கல் பாதை’ என்பதும் போர்ச்செய்திகளில் பழகிய தொடர்.

‘படைவழங்கல்’ என்று சேர்த்தெழுதினால் படையையே யாருக்கோ வழங்குவதாக ஒருவர் படிக்கக்கூடும். இடம் பார்த்து ‘படைக்கான வழங்கல்’ என்று விரித்துவிடலாம், அல்லது வாசகரை நம்பிவிடலாம். நான் இரண்டாவதைச் செய்கிறேன். எனவே லாஜிஸ்டிக்ஸ் வழங்கல். ஆயுதமும் கருவியும் தளவாடம். அவை கிளம்பும் இடம் பின்தளம், போகும் வழி வழங்கல் பாதை. கூரியர் கம்பெனிகளுக்குச் ‘சரக்கு வழங்கல்’ சரிவரும் என்று நினைக்கிறேன், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது நுழையுமா என்பது வேறு விஷயம்.

ஊழல் என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம், இதே கதையில் வருவதால். அகராதியில் அதன் பழைய பொருள் பதனழிந்தது, கெட்டுப்போனது என்பது. பணத்தைப் பற்றிய குற்றமாக அது சுருங்கியது பின்னால்தான். 2015ல் காலாவதியான அந்த உணவுப்பொதிக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.