கால் தேடிய இடத்தில் பிரேக் இல்லை

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திருவொற்றியூரில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு தம்பி நொண்டிக்கொண்டே வந்தார். பின்னால் அவருடைய நண்பர் ஒரு பழைய க்ரூஸரை, அதாவது சீட் தாழ்ந்த நீளமான பைக்கை, தள்ளிக்கொண்டு வந்தார். வாங்கலாமா என்று ஓட்டிப் பார்க்க எடுத்த வண்டி அது. தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஒரு சிறுவன் சைக்கிளில் குறுக்கே வர, வண்டி சாய்ந்து தம்பியின் இடது கணுக்கால் அடியில் மாட்டிவிட்டது.

"பிரேக்கே பிடிக்கலணா" என்றார். மிதித்துப் பார்த்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

அவர் எட்டு வருடமாக ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறவர். அதில் ஃபுட்ரெஸ்ட் முழங்காலுக்கு நேர் கீழே, பிரேக் அதற்குச் சற்று முன்னால். க்ரூஸரில் காலை முன்னே நீட்டி வைக்க வேண்டும். பிரேக்கும் அங்கேதான் இருக்கும். பதறியபோது கால் தன் பழைய இடத்துக்கே போனது. அங்கே மிதிக்க ஒன்றுமில்லை. உடனே கை முன்பிரேக்கை முழுசாக இறுக்கியது. ஹேண்டில் திரும்பியிருந்ததால் வண்டி அப்படியே இடப்பக்கம் சரிந்தது. வேகம் இருபதுகூட இருக்காது.

டெஸ்ட் ரைடில் விழுந்து என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை வேகத்தில் விழுந்தவை அல்ல. கிளம்பும்போது, யூ டர்ன் அடிக்கும்போது, நிறுத்தும்போது விழுந்தவை. புது வண்டியை நம் மூளை புரிந்துகொண்டாலும் கையும் காலும் இன்னும் பழைய வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பயம் அங்கேதான்.

எடையைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் ஏறக்குறைய 112 கிலோ. மீட்டியர் 350 என்கிற க்ரூஸர் 191 கிலோ. மூன்று 25 கிலோ அரிசி மூட்டையைக் கூடுதலாக ஏற்றியது போல. சீட் தாழ்வாக இருப்பதால் இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியும். அதனால் எடையே தெரியாது. கொஞ்சம் சாய்ந்ததும்தான் தெரியும். ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். டேங்கில் கோடு விழுந்தால் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், கணுக்கால் அப்படியல்ல. சக்கரங்களுக்கு இடையே நீளம் அதிகம் என்பதால் திரும்ப அகலமான இடமும் வேண்டும். ஸ்ப்ளெண்டர் திரும்புகிற சந்தில் இது திரும்பாது.

அடுத்தது கியர். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகள் பலவற்றில் எல்லா கியரும் முன்பக்கம் மிதிப்பதுதான். க்ரூஸரில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. இரண்டாவதிலிருந்து மூன்றாவது போடுவதாக நினைத்து முன்னால் மிதித்தால் முதல் கியர் விழும். அந்த வேகத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு வழுக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான். அங்கே செய்த பழைய புல்லட்களில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, வேறு வண்டி ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் புல்லட்டை நேராகத் தெருவில் இறக்க விடமாட்டார். பட்டறை வாசலில் நிறுத்தி, உட்காரவைத்து, பத்துத் தடவை மிதிக்கச் சொல்லுவார். அன்று எனக்கு அது வீண்வேலையாகத் தெரிந்தது. இன்று நானும் அதையேதான் செய்கிறேன்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதும் முக்கியம். எண்ணூர் விரைவுச் சாலையில் முதல் ரவுண்டு வேண்டவே வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள் பக்கத்தில் உரசிப் போகும். ஓரம் ஒதுங்கினால் கடற்கரை மணல். காசிமேடு பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி ரோடு வழவழவென்று இருக்கும். ஆள் குறைவான அகலத் தெருவாகப் பாருங்கள். அங்கே முதலில் நடக்கிற வேகத்தில் நான்கு முறை கிளம்பி நான்கு முறை நிறுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்து. அப்புறம் மூன்றாவது கியர். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறொரு நாள் வருகிறேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய வண்டியானால் ஏபிஎஸ், அதாவது பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, உண்டா என்று கேளுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். சிலவற்றில் முன்சக்கரத்துக்கு மட்டும் இருக்கும். பின்சக்கரம் லாக் ஆகும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெல்மெட் போட்டு, பட்டையையும் மாட்டுங்கள். கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்கள். அந்தத் தம்பி போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

கட்டுப் பிரித்ததும் அவர் மறுபடி வந்தார். அதே வண்டியைத்தான் வாங்கியிருந்தார். இன்ஜினை அணைத்து உட்காரச் சொன்னேன். நான் "பிரேக்" என்று சொல்லும்போதெல்லாம் குனிந்து பார்க்காமல் மிதிக்க வேண்டும். முதல் ஆறு தடவையில் நான்கு தடவை கால் பழைய இடத்துக்கே போனது. அவரே அசந்துபோய்விட்டார். கால் மணி நேரம் போல விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். தொடர்ந்து இருபது தடவை தப்பாமல் மிதித்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுத்தேன்.