மல்பார் என்றால் மலையாளியா?

ரீயூனியன், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே உள்ள பிரெஞ்சுத் தீவு. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அங்கே பேசும் கிரியோல் என்ற, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கலப்பு மொழியில் தென்னிந்தியக் கூலித் தொழிலாளர்களின் வழிவந்தவருக்கு 'மல்பார்' என்று பெயர், பெண்ணானால் 'மல்பரேஸ்'. அவர்களுடைய கோயிலும் வழிபாடும்கூட 'மல்பார்' என்ற அடைமொழியோடுதான் வழங்குகின்றன. இதைத் தமிழில் 'மலபாரிகள்' என்று எழுதினால் படிப்பவர் கேரளத்துக்குப் போய்விடுவார்.

'மலை'யோடு 'பார்' என்ற பாரசீக ஒட்டைச் சேர்த்து, கடலோடி வணிகர்கள் மேற்குக் கரைக்கு வைத்த பெயர் மலபார் என்பது பொதுவான கருத்து. போர்த்துகீசியர் அதைத் தமிழ்நாட்டுக் கரைக்கும் நீட்டிவிட்டார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் தலைப்பிலேயே மொழியின் பெயர் 'மலவார் தமுல்' என்றுதான் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழை மலபார் மொழி என்றார். இலங்கையில் ஆங்கிலேயரின் ஆவணங்களில் தமிழர் 'மலபார்கள்' ஆனார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அதே பழக்கம்தான்.

ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட 1860 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க முடிந்தது. தொழிலாளர்களை நடத்திய விதம் சரியில்லை என்று 1882இல் பிரிட்டிஷ் அரசு இதை நிறுத்தியது. போனவர்களில் தமிழரே அதிகம், தெலுங்கரும் உண்டு. எல்லாரையும் ஒரே பெயரில் அடைத்தது தோட்டத்து வழக்கம்.

சமய உரிமை காகிதத்தில் இருந்தது. ஆனால் ஊர் முழுக்கக் கத்தோலிக்கம், பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். முன்னோரின் 'ராமசாமி' பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயராக நின்றுவிட, அதற்கு முன்னால் ஒரு புனிதரின் பெயர் வந்து சேர்ந்தது. சர்ச்சில் திருப்பலி, கோயிலில் தீமிதி என்று இரண்டையும் விடாத குடும்பங்கள் இன்றும் உண்டு. இதை வெறும் வேஷம் என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது; இரண்டும் அவர்களுக்கு உண்மையான பக்திதான்.

பேச்சுத் தமிழ் போய்விட்டது, சடங்குச் சொற்கள் தங்கிவிட்டன. தீமிதிக்கு உரிய அம்மன் 'பாந்தியாலே', அதாவது பாஞ்சாலி. கூத்துச் சொல்லிக்கொடுப்பவர் 'வார்த்தியால்', நம் வாத்தியார். நாகூர் ஆண்டவரும் கூடவே போயிருக்கிறார்: 'நாகூர்மீரா' என்று கோயில் வளாகத்திலேயே அவருக்குக் கொடிமரம் நடுகிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 1970களுக்குப் பிறகு ஆகம வழிபாட்டையும் தமிழ்க் கல்வியையும் நாடிய பலர் தங்களை 'தமூல்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 'மல்பார்' என்பதையே விரும்பி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பொதுவாக எழுதும்போது 'ரீயூனியன் தமிழ் வம்சாவளியினர்' பொருந்தும். ஆனால் தெலுங்கு மரபினரையும் சேர்த்துச் சொல்லும் இடத்திலும், கிரியோல் பேச்சை அப்படியே எடுத்துக்காட்டும் இடத்திலும் 'மல்பார்' என்றே வைத்து ஒரு வரி விளக்கம் தருவது மேல். 'மலபாரி', 'மலையாளி' இரண்டும் வேண்டாம்.