48 வோல்ட் எங்கே போனது?

நெட்வொர்க் ஸ்விட்சின் பிஓஇ போர்ட்டில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரமும் தரும் போர்ட்) கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 48 வோல்ட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 10 வோல்ட்டுக்கும் கீழே ஏதோ விட்டுவிட்டுத் துடிக்கும். போர்ட் போய்விட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். போகவில்லை. எதிரே யார் என்று தெரியாமல் அது மின்சாரத்தைத் திறந்துவிடாது, அவ்வளவுதான்.

அந்தத் துடிப்பு ஒரு விசாரிப்பு. 2.7 முதல் 10 வோல்ட்டுக்குள் இரண்டு அழுத்தங்களைக் கொடுத்து, மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறது என்று ஸ்விட்ச் அளக்கிறது. சுமார் 25 கிலோ ஓம் மின்தடை தெரிந்தால் எதிரே பிஓஇ கருவி (நெட்வொர்க்கில் பேசும் மேசை போன் மாதிரி) இருக்கிறது என்று பொருள். லேப்டாப்பில் அந்த மின்தடை தெரியாது; அதனால் அது பிழைத்துக்கொள்கிறது. (விசாரிக்காமலே மின்சாரம் தள்ளும் 'பாசிவ்' இன்ஜெக்டர்கள் வேறு ஜாதி. அவற்றை போன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

போனே இல்லாமல், வெறும் 25 கிலோ ஓம் ரெசிஸ்டரை மின்சாரம் வரும் இரு ஜோடிக் கம்பிகளுக்கு நடுவே வைத்தால்? ஸ்விட்ச் ஏமாந்துபோய் 48 வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஆனால் ரெசிஸ்டர் இழுப்பது 2 மில்லி ஆம்பியர்தான். குறைந்தது 10 மில்லி ஆம்பியராவது ஓடாவிட்டால் அரை நொடிக்குள் ஸ்விட்ச் கையை இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் விசாரிப்பு.

2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி ஸ்விட்ச் தருவது 15.4 வாட், போனுக்குக் கிடைப்பது 12.95 வாட். மிச்சம் கேபிளில் சூடாகிப் போகிறது: 100 மீட்டருக்கு 20 ஓம், 0.35 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் சரியாக 2.45 வாட். அரை மீட்டர் பேட்ச் கேபிளில் இயங்கும் போனை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். நீளமான கேபிளில், திரை முழு வெளிச்சத்தில், ஸ்பீக்கர் அலறும்போது பாருங்கள்.

உண்மையான சிக்கல், ஒவ்வொரு போனுக்கும் ஸ்விட்ச் எத்தனை வாட் ஒதுக்கிவைக்கிறது என்பதில் இருக்கிறது. 25 கிலோ ஓம் சோதனைக்குப் பிறகு, 15.5 முதல் 20.5 வோல்ட்டுக்குள் ஸ்விட்ச் இன்னொரு அழுத்தம் கொடுக்கும். அப்போது போன் இழுக்கும் மின்னோட்டத்தைப் பொறுத்து அதன் 'கிளாஸ்' முடிவாகிறது. கிளாஸ் 2 என்றால் 7 வாட். எதுவும் சொல்லாத போன் கிளாஸ் 0. அதற்குப் பல ஸ்விட்சுகள் முழு 15.4 வாட்டையும் எடுத்துவைத்துவிடும். பூட் ஆன பிறகு, எல்எல்டிபி (கருவிகள் தங்களைப் பற்றி ஸ்விட்சிடம் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக "எனக்கு 5 வாட் போதும்" என்று சொல்லிக் குறைத்துக்கொள்ளும் போன்கள் உண்டு.

48 போர்ட், எல்லாவற்றுக்கும் சேர்த்து 370 வாட் தரும் ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்படி 15.4 வாட்டில் தொடங்கி 5-க்கு இறங்கும் போன்களை ஒவ்வொன்றாகச் செருகினால் 48-ம் எரியும். இப்போது ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் 15.4 கேட்க, முதலில் 24 மட்டுமே எரியும். அவை பூட் ஆகிக் குறைத்துக்கொண்ட பிறகுதான் மற்றவற்றின் முறை. எல்எல்டிபி அணைத்து வைக்கப்பட்டிருந்தால் மீதி 24-ம் இருட்டில்தான். ஸ்விட்சைக் கேட்டால், தான் நிஜத்தில் கொடுப்பது 120 வாட் என்று சாவகாசமாகக் காட்டும்.