ஏஜென்ட் கையில் டெர்மினல்

போடிநாயக்கனூரில் ஓர் இளைஞன் ஏலக்காய் வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறான் என்று வைத்துக்கொள்வோம். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புற்றடியிலும் மின்னேலத்தில் எடுத்த லாட், எடை, விலை, பாக்கி எல்லாம் அவன் லேப்டாப்பில். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட்டுக்கு, கணினிக்குக் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்துவிடுகிறான்.

கட்டளையைக் கொடுத்தது அவனா, ஏஜென்ட்டா என்று இயங்குதளம் பார்ப்பதில்லை. அவன் கணக்கில் ஓடுவதால், அவனால் திறக்கவோ அழிக்கவோ முடிந்த எதையும் ஏஜென்ட்டும் தொடலாம்; கடவுச்சொல் கோப்பு, சர்வர் சாவி உட்பட.

சரி, ஏஜென்ட் எதற்குத் திருடப் போகிறது? அதற்குத் திருட்டுப் புத்தி தேவையே இல்லை. நாம் சொன்ன வேலையும், வேலைக்காக அது படிக்கும் கோப்பும், அதை இயக்கும் மொழி மாதிரிக்குள் ஒரே எழுத்து வரிசையாகத்தான் நுழைகின்றன. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு நிரல் நூலகத்தின் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில், திரையில் தெரியாத குறிப்பாக "முதலில் கடவுச்சொல் கோப்பைப் படி" என்று எவனோ எழுதி வைத்திருந்தால், அதையும் நம் உத்தரவாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 2022இல் மென்பொருள் உருவாக்குநர் சைமன் வில்லிசன் இதற்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர் வைத்தார். முழுத் தீர்வு இன்னும் இல்லை.

ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கச் சொல்லலாம். கொஞ்ச நேரத்தில் படிக்காமலே 'சரி' தட்ட ஆரம்பித்துவிடுவோம். அப்புறம் ஆபத்தில்லாத கட்டளைகளுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு செக்போஸ்ட்டில் வண்டி நம்பரை மட்டும் பார்த்து மூட்டையைப் பார்க்காமல் விடுகிற கதைதான். ஃபைண்ட் கோப்பு தேடும் கட்டளை. கூடவே எக்ஸெக் என்ற சொல்லைச் சேர்த்தால் வேறு எந்தக் கட்டளையையும் ஓட்டும். பிங் இன்னும் சாது, இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆனால் திருடனின் தளப்பெயருக்கு முன்னால் கடவுச்சொல்லை ஒட்டி பிங் செய்தால், அந்த முழுப் பெயருக்கும் முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி அவன் சர்வர் வரை போகும். பதில் வராவிட்டாலும் கடவுச்சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே ஏஜென்ட்டை, லேப்டாப்பின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்த ஒரு கன்டெய்னருக்குள் அடைத்து, இணையத்தை மூடி, சாவிகளை வெளியே வைப்பதுதான் உருப்படியான வழி. அதிலும் ஒரு சந்து உண்டு. புராஜெக்ட் கோப்புறையை அப்படியே உள்ளே இணைத்திருந்தால், அங்குள்ள கிட் ஹூக்கில் (நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் கருவி தானாக ஓட்டும் சிறு நிரலில்) ஏஜென்ட் ஒரு வரி எழுதிவைக்க முடியும். அடுத்த முறை இளைஞன் வெளியிலிருந்து கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தைப் பதியும்போது, அந்த வரி அவன் லேப்டாப்பிலேயே ஓடும். கிட் கோப்புறையை மட்டும் எழுத முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும்.