பெட்டியின் எடையைப் பழைய ஃபைலைப் பார்த்து எழுதாதீர்கள்

கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்குத் திட்டம் போடுவது என் தொழில். எந்தக் கொள்கலன், எங்கள் பேச்சில் பெட்டி, கப்பலில் எங்கே, எத்தனையாவது அடுக்கில் ஏற வேண்டும் என்று கப்பல் வருவதற்கு முன்பே கணினியில் வரைந்து வைப்போம். பெட்டியை நான் கண்ணால் காண்பது குறைவு. அதன் இலக்கம், போய்ச் சேரும் துறைமுகம், எடை, இவைதான் என் திரைக்கு வரும். அந்த எடையை எழுதுகிறவர் புறக்கோட்டையிலோ பேலியகொடையிலோ ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் இருக்கும் எழுதுவினைஞர். இந்தக் கட்டுரை அவருக்கும் அவருடைய முதலாளிக்கும்.

ஒரு மழைக்கால இரவில் நடந்ததைச் சொல்கிறேன். தும்புத்தூள் கட்டிகள் அடுக்கிய நாற்பது அடிப் பெட்டி ஒன்று ஏற வேண்டியிருந்தது. பதிவான எடை 20,600 கிலோ. அதை நம்பி, மேல்தளத்தில் உயரமான அடுக்கு ஒன்றில் இடம் கொடுத்திருந்தேன். கிரேன் அதைத் தூக்கியதும் ஒப்பரேட்டரின் திரை 25 தொன்னைத் தாண்டிக் காட்டியது. ரேடியோவில் செய்தி வந்தது: "சேர், இது நீங்கள் போட்ட பாரம் இல்லை." பெட்டி திரும்பக் கீழே இறங்கியது. அதற்குக் கீழ் அடுக்கில் இடம் தேட வேண்டும். அந்த இடத்துக்குரிய பெட்டிகளின் வரிசையை மாற்ற வேண்டும். பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டிலிருந்து ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட பிரைம் மூவர்களை, அதாவது பெட்டி இழுக்கும் வண்டிகளை, ஓரங்கட்ட வேண்டும். நன்றாக ஓடும் கிரேன் ஒன்று மணிக்கு 25, 30 பெட்டி ஏற்றும். அன்றிரவு அரைமணி நேரத்துக்கும் மேல் அது சும்மா நின்றது.

காலையில் அந்த நிறுவனத்துக்கு நானே போன் எடுத்தேன். பேசியது ஒரு சின்னப் பையன். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"போன மாதம் அனுப்பின அதே சாமான்தான் சேர். அந்த ஃபைலைப் பார்த்துத்தான் போட்டேன்."

"தம்பி, அதில் பெட்டியின் எடையும் சேர்ந்திருக்கிறதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பெட்டியின் எடையுமா சேர்? எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்றான்.

இரண்டு பேருமாகக் கணக்குப் பார்த்தோம். வெறும் பெட்டி 3,850 கிலோ. சரக்கை அடுக்கும் மரத் தட்டான பலட் இருபது, ஒன்று 25 கிலோ என்றால் 500 கிலோ. இந்த இரண்டிலேயே நாலேகால் தொன்னுக்கு மேல் விடுபட்டிருந்தது. மீதிச் சில நூறு கிலோ மழை ஈரமாக இருக்க வேண்டும். தும்புத்தூள் காற்றின் ஈரத்தையும் குடிக்கும். போன மாதமும் இதே பிழையோடுதான் பெட்டி போயிருக்கிறது. அப்போது கீழ் அடுக்கில் ஏறியதால் யார் கண்ணிலும் படவில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி, 2016 ஜூலை 1 முதல் உறுதிசெய்யப்பட்ட மொத்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. அந்த எடைக்கு எங்கள் பேச்சில் வீ.ஜீ.எம். என்று பெயர். பொறுப்பு சரக்கை அனுப்புகிறவருடையது. துறைமுகத்தில் ஆவண வேலை பார்க்கும் வார்ஃப் கிளார்க்குடையதோ லொறிக்காரருடையதோ இல்லை. இந்த எடையை எடுப்பதற்கு இரண்டு வழிகள். நிரப்பி மூடிய பெட்டியை அப்படியே நிறுப்பது ஒன்று. உள்ளே போகும் ஒவ்வொன்றையும், பலட், முட்டுக் கட்டை, கட்டும் கயிறு உட்பட நிறுத்துக் கூட்டி, வெறும் பெட்டியின் எடையையும் சேர்ப்பது மற்றது. பழைய இரும்பு, மூட்டையில் இடாத தானியம் போன்றவற்றுக்கு இரண்டாவது வழி பொருந்தாது. ஈரம் ஏறி இறங்கும் சரக்குக்கும் முதல் வழியே நல்லது என்பது என் அனுபவம்.

வெறும் பெட்டியின் எடையை எங்கே பார்ப்பது? பெட்டியின் கதவிலேயே இருக்கிறது. வலப்பக்கக் கதவில் வரிசையாக எழுதியிருப்பார்கள்: மேலே உச்ச மொத்த எடை, அடுத்து 'டெயார்' என்ற வெறும் பெட்டி எடை, அதற்குக் கீழே ஏற்றக்கூடிய உச்சச் சரக்கு எடை, கடைசியில் கன அளவு. ஒவ்வொரு எடையும் கிலோவில் ஒரு முறை, இறாத்தலில் ஒரு முறை. அவசரத்தில் இறாத்தல் கணக்கைக் கிலோவாக எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். மூன்றாவது வரியைப் பார்த்து அதையே சரக்கின் எடையாக எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளுக்கும் டெயார் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கதவைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லொறியோடு நிறுத்தால் லொறி, ட்ரெய்லர், தாங்கியில் உள்ள டீசல் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். இருபது அடிப் பெட்டிகள் இரண்டை ஒரே ட்ரெய்லரில் ஏற்றி நிறுத்து, வந்ததைப் பாதியாகப் பிரித்து எழுதுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. அது தவறு; ஒவ்வொன்றையும் தனியாக நிறுக்க வேண்டும். நிறுக்கும் தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்.எஸ்.சி. நபோலி என்ற கப்பலின் உடல் புயலில் பிளந்தது. கப்பலின் உடல் வலு போதாததே முதற் காரணம். ஆனால் பிறகு மேல்தளத்திலிருந்து நனையாமல் இறக்கிய சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, 137 பெட்டிகளின் எடை எழுதியதிலிருந்து மூன்று தொன்னுக்கு மேல் மாறியிருந்தது. ஒன்றில் வித்தியாசம் 20 தொன். நாம் இங்கிருந்து அனுப்பும் பெட்டிகளும் எழுதிய எடையை நம்பித்தான் அடுக்கப்படுகின்றன. பாரமான பெட்டி மேலே ஏறினால் கீழுள்ள பெட்டியின் மூலைத்தூண்களும் கட்டுக் கம்பிகளும் அதைத் தாங்க வேண்டும். அடுக்கு சாயும்போது பக்கத்தில் நிற்பவன் யாருடையவோ பிள்ளை.

கொழும்பில் இயந்திரங்களுக்குக் குறைவில்லை. 2013இல் 18 மீற்றர் ஆழத்தோடு தெற்கு முனையம் வந்தது. 2025 ஏப்ரலில் தானியங்கி வசதிகளோடு மேற்கு முனையம் இயங்கத் தொடங்கியது. வருடத்துக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமான இருபதடி அலகுகள் (இருபது அடிப் பெட்டி ஒன்று ஓர் அலகு) இங்கே கையாளப்படுகின்றன. யார்டில் பெட்டி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதைக்கூட மென்பொருளே சொல்கிறது. ஆனால் அது பார்ப்பதும் நீங்கள் எழுதிய எடையைத்தான். கிரேன் ஒப்பரேட்டரைச் சிமுலேட்டரில் உட்கார்த்திப் பழக்குகிறோம். துறைமுக அதிகார சபைக்கு மகாபொல என்ற பெயரில் தனிப் பயிற்சி நிலையமே இருக்கிறது. அந்தத் தம்பிக்குக் கிடைத்த பயிற்சியோ ஒரு பழைய ஃபைல். முதலாளிமாரே, புதிதாகச் சேருகிற பிள்ளையை ஒரு நாள் பெட்டி நிரப்பும் இடத்துக்கும் நிறுக்கும் இடத்துக்கும் அழைத்துப் போங்கள். அரை நாள் போதும்.

இன்னொன்று. எடையை அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஷிப்பிங் லைனுக்கு உடனே சொல்லி, திருத்திய எடையை அனுப்புங்கள். திட்டத்தை மூடுவதற்கு முன் வந்தால் எனக்கு அது சில நிமிட வேலை. மூடிய பிறகானாலும் சொல்லுங்கள். பெட்டி கிரேனில் தொங்கும்போது தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். அந்தத் தம்பி இப்போது இரவு பத்து மணிக்கும் கூப்பிடுவான். நானும் எடுப்பேன்.